கண்டெடுத்த தரவுக்கோலும் கண்டவர் கடமையும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தொழிலிடங்களில், அது கப்பல் முகவர் நிலையமாயினும் மாவாலையாயினும் சீமெந்துத் தொழிற்சாலையாயினும், மேசையடியிலோ உணவுச்சாலையிலோ ‘பென் ட்ரைவ்’ எனப்படும் தரவுக்கோல் ஒன்று கேட்பாரற்றுக் கிடத்தல் கூடும். விரலளவினதாகிய அப்பொருளின் விலை சொற்பமே. அதனுள் இருப்பது மாலுமிகளின் கடவுச்சீட்டு விபரமாகலாம், ஊழியர் ஒருவரின் மருத்துவ அறிக்கையாகலாம், குடும்பப் படங்களுமாகலாம்.

ஈண்டு எழும் சிக்கல் யாதெனின், உரியவரை அறிதற்கு உள்ளே பார்த்தல் வேண்டும் போலத் தோன்றுகின்றது. பார்த்தலோ பிறர் அந்தரங்கத்துட் புகுதலாகும். அமெரிக்காவின் இல்லினோய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர் 297 கோல்களை வேண்டுமென்றே ஆங்காங்கு இட்டுவைத்தனர். 2016 இல் வெளியான அவ்வாய்வின்படி, குறைந்தது 45 சதவீதமானவற்றிற் கோப்புகள் திறக்கப்பட்டன. முதலாவது கோல் ஆறு நிமிடத்துக்குள் கணினியிற் செருகப்பட்டது. வினவப்பட்டோரிற் பெரும்பாலோர் உரியவரிடம் சேர்ப்பிக்கவே திறந்ததாகக் கூறினர். எனினும் ஏறத்தாழப் பாதிப்பேர், உரியவரைத் தேடுமுன் விடுமுறைப் படங்கள் போன்றவற்றைப் பார்க்கத் தலைப்பட்டனர். நல்லெண்ணம் மட்டும் காவலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆபத்து பார்ப்பவருக்கும் உண்டு. 2010 இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ என்னும் தீநிரல், இணையத்தொடர்பற்ற கணினிகளுக்கும் இத்தகைய கோல்களின் வழியே பரவவல்லதாயிருந்தது.

2017 ஒக்டோபரில் இலண்டன் வீதியொன்றிற் கிடந்த கோல், ஹீத்ரோ விமானநிலையத்துக்குரியது. மறைகுறியிடப்படாத அதனைக் கண்டெடுத்தவர் நூலகக் கணினியிற் பார்த்தார். பின்னர் அது பத்திரிகையொன்றின் கைக்குச் சென்றது. மறு ஆண்டில் நிலையத்துக்கு 1,20,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. துறைமுகப் பாதுகாப்பு விபரங்களைக் கையாளும் நம்மவர்க்கு இது தொலைவான செய்தியன்று.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டினது. காப்பாற்றி உரியவரிடம் சேர்ப்பிக்கும் நோக்கோடு பொருளை எடுத்தவரை அது குற்றவாளியாக்குவதில்லை. உரியவரை அறிய நியாயமான முயற்சி செய்யாது தனதாக்கிக்கொள்பவரையே பிடிக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தரவு மீறல் நேர்ந்தவிடத்து நிறுவனம் அதிகாரசபைக்கு அறிவிக்குமாறு வகுத்துள்ளது. ஆதலால், கோலில் அலுவலகத் தரவு இருப்பின் அதனைத் தனியார் விடயமாக மூடிவைத்தல் ஆகாது.

நியாயமான முயற்சி என்பது கோலைத் திறவாமலே பெரிதும் இயல்வதாகும். கண்டவர் இடத்தையும் நேரத்தையும் குறித்துப் பொறுப்பதிகாரியிடம் ஒப்படைப்பாராக. அவர் அதனை உறையிலிட்டு, இருவர் ஒப்பமிட முத்திரையிடல் நன்று. அறிவித்தற்பலகையில் ‘தரவுக்கருவி ஒன்று கண்டெடுக்கப்பட்டது’ என்பதே போதும். நிறமும் கொள்ளளவும் கிடந்த இடமும் எழுதப்படலாகாது. அவற்றைக் கூறவேண்டியவர் உரிமை கோருபவரே. ஐயம் நீங்காதாயின், அவர் முன்னிலையில், வலையமைப்பினின்று துண்டித்த கணினியொன்றில், தகவல் தொழினுட்ப அலுவலர் கோப்புப் பெயர்களை மட்டும் ஒப்பிடலாம்.

குறித்த காலம் கடந்தும் எவரும் வாராவிடின் கோல் உடைத்தழிக்கப்படல் வேண்டும். அழித்த கோப்புகளும் மீட்கப்படக்கூடுமாதலின், வெறுமையாக்கி வேறொருவர்க்கு வழங்குதல் சிக்கனமெனினும் தகாது. கோலை உடையவர்கள் உள்ளடக்கத்தை மறைகுறியிட்டு, தொலைபேசி எண்ணைக் கோலின் வெளிப்புறத்தில் ஒட்டிவைப்பின், மேற்கூறிய தொல்லைகளுட் பெரும்பகுதி எழாது.