ஹைட்ராஞ்சியாவும் படிகாரமும்

நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ சென்று வந்த அங்கத்தினர்கள், சாலையோர வேலிகளிலும் வீட்டு முற்றங்களிலும் தலையளவு பெரிய பூங்கொத்துக்களைத் தாங்கி நிற்கும் செடி ஒன்றைக் கண்டிருப்பார்கள். அதுவே ஹைட்ராஞ்சியா. ஒரே வேலியில் ஓரிடத்தில் நீலமாகவும், பத்தடி தள்ளி ஊதாவாகவும், சுவரோரத்தில் இளஞ்சிவப்பாகவும் அது பூத்திருக்கும். இவை மூன்று வெவ்வேறு ஜாதிகள் என்று எண்ணுவோரே பெரும்பாலோர். அந்த எண்ணத்தினால் எனக்கும் அடுத்த தோட்டத்து நண்பருக்கும் இடையே இரண்டு ஆண்டுக் காலம் மனக்கசப்பு நிலவியது. ஆகையால் செடியை வளர்க்கும் முறையோடு அக்கதையையும் சேர்த்தே எழுதத் துணிந்தேன்.

கோத்தகிரிப் பக்கத்தில் கோசும் உருளைக்கிழங்கும் பயிரிடுபவன் நான். என் வீட்டு வாசலில் நின்ற ஹைட்ராஞ்சியா ஆழ்ந்த நீல நிறம் உடையது. நண்பர் அதை விரும்பிக் கேட்டார். ஐந்து குச்சிகளை வேர்பிடிக்க வைத்துக் கொடுத்தேன். அவர் அவற்றைத் தாம் புதிதாகக் கட்டிய வீட்டின் சுவரை ஒட்டி நட்டார். இரண்டாம் ஆண்டில் பூத்தபோது ஐந்தும் இளஞ்சிவப்பு! நல்ல செடியை நான் வைத்துக்கொண்டு வேறு எதையோ தம் தலையில் கட்டிவிட்டதாக அவர் கருதினார். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆயினும் சங்கக் கூட்டத்தில் என் அருகே உட்காருவதை நிறுத்திக்கொண்டார். எனக்கோ என் கையாலேயே வெட்டிய குச்சிகள் எப்படி மாறின என்பது விளங்கவில்லை.

இச்சிக்கலைத் தீர்த்தவர் தோட்டக்காரர் அல்லர். சமவெளியிலிருந்து வந்திருந்த நெசவாளர் அங்கத்தினர் ஒருவர். இயற்கைச் சாயத்தில் பழகிய கை அவருடையது. இரு வீட்டுச் செடிகளையும் பார்த்துவிட்டு, "ஐயா, எங்கள் தொழிலில் சாயவேர்ச் சாறு ஒன்றுதான். படிகாரம் ஏறிய நூலில் அது சிவக்கும். இரும்புக் கரைசல் ஏறிய நூலில் கறுக்கும். சாறு மாறுவதில்லை, அதைப் பற்றவைக்கும் பொருள்தான் மாறுகிறது. உங்கள் பூவிலும் அப்படி ஏதேனும் இருக்குமோ?" என்று கேட்டார்.

அவர் ஊகம் முற்றும் சரியே. ஹைட்ராஞ்சியாப் பூவில் உள்ள நிறப்பொருள் டெல்பினிடின் என்னும் வகையைச் சேர்ந்தது. மண்ணிலுள்ள அலுமினியம் வேர் வழியே ஏறி அதனுடன் கூடினால் பூ நீலமாகிறது. அலுமினியம் கிட்டாவிடில் இளஞ்சிவப்பாகவே நின்றுவிடுகிறது. படிகாரத்தில் இருப்பதும் அலுமினியமே. துணியில் சிவப்பை நிலைக்கச் செய்யும் அதே பொருள் இந்தப் பூவில் நீலத்தை உண்டாக்குகிறது என்பது நினைக்குந்தோறும் வியப்பைத் தருகிறது.

அலுமினியம் இல்லாத மண் அரிது. ஆனால் மண்ணில் புளிப்புத் தன்மை இருந்தால்தான் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண் பரிசோதனையில் பி.எச். என்ற எண் 5.5-க்குக் கீழே இருந்தால் பூ நீலம், 6.5-க்கு மேலே போனால் இளஞ்சிவப்பு. இடையில் ஊதாவும் கலப்பு நிறங்களும் தோன்றும். மலைநாட்டு மண் இயல்பாகவே புளிப்பு மிக்கது. தேயிலை அங்கே செழிப்பதும், கிழங்கு பயிரிடுவோர் சுண்ணாம்பு இடுவதும் அதனாலேயே. நண்பரின் புதுச் சுவரிலிருந்து சிமெண்டும் சுண்ணாம்பும் மழைநீரில் கரைந்து அடிமண்ணில் இறங்கியிருந்தன. நான் கொடுத்தது நீலச் செடிதான். அவருடைய சுவர் அதைச் சிவக்க வைத்துவிட்டது. வெள்ளைப் பூ இனங்கள் மட்டும் எம்மண்ணிலும் வெள்ளையாகவே இருக்கும்.

உண்மை தெரிந்தவுடன் ஆர்வத்தில் நான் ஒரு பிழை செய்தேன். நண்பரின் செடி ஒன்றின் தூரில் கைநிறையப் படிகாரப் பொடியைக் கொட்டினேன். பத்து நாளில் இலையோரம் கருகிற்று. செடி பிழைத்தது தெய்வாதீனம். நான்கு லிட்டர் நீரில் 15 கிராம் கரைத்து, முதலில் வெறும் நீரால் மண்ணை நனைத்துவிட்டு, அதன் பிறகே ஊற்ற வேண்டும். அரும்பு தெரியும் முன்பே தொடங்கி, இரண்டு மூன்று வார இடைவெளியில் சில முறை ஊற்றினால் போதும். மலர்ந்துவிட்ட பூ நிறம் மாறாது. பெரும்பாலும் அடுத்த பருவத்துப் பூவிலேயே பலன் தெரியும். எலும்புத்தூள், சூப்பர் பாஸ்பேட் முதலியவை அலுமினியத்தைக் கட்டிவிடுமாதலால் நீலம் வேண்டுவோர் அவற்றைக் குறைத்துக்கொள்க. சுவரோரச் செடிக்கு எவ்வளவு ஊற்றினும் சுண்ணாம்பு ஊறிக்கொண்டே இருக்கும். இடம் மாற்றுவதே சரி. நண்பர் இரண்டு செடிகளைத் தோட்டத்து நடுவே மாற்றினார். மறு ஆண்டில் அவை நீலமாயின. மற்ற மூன்றையும் அவர் மாற்றவில்லை. சிவப்பே பழகிவிட்டது என்கிறார்!

இச்செடியின் தாயகம் ஜப்பான். ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் துன்பெர்க் 1784-ல் இதைத் தம் நூலில் விவரித்தார். நாகசாகியில் மருத்துவராக இருந்த சீபோல்டு, தம் ஜப்பானிய மனைவி ஓதாகியின் பெயரை ஓர் இனத்திற்கு இட்டார். 1829-ல் அவர் அந்நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார், மனைவியோ அங்கேயே நின்றுவிட்டார். இன்றும் நாகசாகி நகரத்தின் மலர் இதுவே. அங்கே இது மழைக்காலப் பூ. ஹைட்ராஞ்சியா என்ற சொல்லின் பொருள் நீர்க்கலம் என்பது. விதைக்கூட்டின் வடிவால் வந்த பெயராயினும் செடியின் தாகத்திற்கும் பொருந்தும். அகன்ற இலைகள் நண்பகலில் துவளும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும், இலைமட்கு நிறைந்த மண்ணும், தூரில் சருகு மூடாக்கும் இதற்கு வேண்டும். பூமொட்டு உருவாகக் குளிர்ந்த இரவுகள் பல வாரம் தேவை. ஆதலால் ஏற்காட்டில் பூக்கும் இச்செடியைச் சேலத்தில் வளர்க்க முயன்று ஏமாற வேண்டாம்.

கத்தரிப்பில்தான் பலர் தவறுகின்றனர். முந்தைய பருவத்தில் வளர்ந்த கிளை நுனியிலேயே மொட்டு உறங்குகிறது. பூ வாடியவுடன், அதன் கீழுள்ள பருத்த முதல் கணுவின் மேல் வெட்டி நிறுத்த வேண்டும். வயதான தோட்டக்காரர் ஒருவர் சொற்கேட்டு ஜனவரியில் எல்லாக் கிளைகளையும் ஒட்ட வெட்டினேன். அவ்வாண்டு இலை மட்டும் கண்டேன்.

மழை தொடங்கும் காலம் குச்சி எடுக்க ஏற்றது. பூ வைக்காத இளங்கிளையில் இரண்டு கணு உள்ளதாக ஐந்தாறு அங்குலம் வெட்டி, கீழிலைகளைக் களைந்து, மேலிலைகளைப் பாதியாக நறுக்கி, மணலும் மட்கும் கலந்த தொட்டியில் நிழலில் ஊன்றுக. மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். ஆடு மாடு வைத்திருப்போர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இலையும் மொட்டும் நச்சுத்தன்மை உடையவை. ஜப்பானில் 2008-ல் உணவுக்கு அலங்காரமாக வைத்த இதன் இலையைத் தின்றவர்கள் வாந்தியெடுத்து வருந்தினர்.

தொலைவிலுள்ள அங்கத்தினருக்கு அனுப்புகையில் குச்சிகளை ஈரப் பாசியில் பொதிந்து வாழைப்பட்டையில் சுற்றினால் இரண்டு நாள் வாடாது தாங்கும். இப்போதெல்லாம் நான் கட்டுடன் ஒரு சீட்டும் வைக்கிறேன்: தாய்ச்செடி பூத்த நிறம், அது நின்ற மண்ணின் பி.எச். எண், 'சுவரோரம் நட வேண்டாம்' என்ற ஒரு வரி.