நடு எழுத்து தெரிந்தால் போதும், முழுச் சொல்லும் கிடைக்கும்!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். காலையில் காபி முடிந்ததும் ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிடுவார். பார்வை மங்கிய பிறகு பொடி எழுத்து அகராதியைப் புரட்டுவது அவருக்குச் சிரமமாகிவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரோ, பேரனின் போட்டோ பார்க்க மட்டும்தான் பயன்பட்டது.

ஒரு நாள் என்னை அழைத்தார். "தம்பி, பத்தெழுத்துச் சொல். மூணாவது, பென்னுக்கு வர்ற பி. ஆறாவது, டேபிளுக்கு வர்ற டி. கடைசி ஈ. பாடகர் கைவசம் வெச்சிருக்கிற பாட்டுகளோட தொகுப்புன்னு குறிப்பு. ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கறேன். இந்தப் பெட்டிக்குத் தெரியுமா?"

தெரியாது! கம்ப்யூட்டருக்கு ஆங்கிலமும் தெரியாது, பாட்டும் தெரியாது. ஆனால் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும். அகராதிக்கு ஒரே வாசல்தான். முதல் எழுத்து தெரியாவிட்டால் உள்ளே நுழைய முடியாது. கம்ப்யூட்டரில் எந்த எழுத்து வழியாகவும் நுழையலாம். எப்படி என்று பார்ப்போம்.

சொற்பட்டியல் தேவை

முதலில் ஒரு ஆங்கிலச் சொற்பட்டியல் வேண்டும். இனேபிள் என்ற பட்டியல் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. வரிக்கு ஒரு சொல்லாக, சுமார் 1,72,000 சொற்கள் கொண்ட சாதாரண டெக்ஸ்ட் பைல் அது. டவுன்லோட் செய்து எக்செல்லில் திறந்துகொள்ளுங்கள். ஏ காலத்தில் சொற்கள் வந்து நிற்கும். மேலே ஒரு வரிசையைச் சேர்த்து, ஏ1 கட்டத்தில் "சொல்" என்று தலைப்புக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எக்செல் 2003 வரையிலான பதிப்புகளில் 65,536 வரிசைகள்தான் உண்டு. பட்டியல் பாதியில் நின்றுவிடும். 2007 பதிப்பிலிருந்து 10,48,576 வரிசைகள் இருப்பதால் கவலையில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கும் போதும். மெனுப் பெயர்கள் மட்டும் சற்று மாறும்.

கேள்விக்குறியும் நட்சத்திரமும்

டேட்டா மெனுவில் பில்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். தலைப்பின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி தோன்றும். அதைக் கிளிக் செய்து, டெக்ஸ்ட் பில்டர்ஸ், கஸ்டம் பில்டர் என்று செல்லுங்கள். ஈக்வல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துக் கட்டத்தில் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியும், தெரிந்த இடத்தில் அந்த எழுத்தும் டைப் செய்யுங்கள். தலைமையாசிரியரின் சொல்லுக்கு இரண்டு கேள்விக்குறி, பி, இரண்டு கேள்விக்குறி, டி, மூன்று கேள்விக்குறி, ஈ. மொத்தம் பத்து.

ஓகே கொடுத்ததும் பெரிய பட்டியல் சுருங்கி, சில சொற்களே நிற்கும். இம்பார்ட்டன்ஸ், ரிப்பென்டன்ஸ், ரிப்போர்டபிள், ரெப்பர்ட்வா... "அட, ரெப்பர்ட்வா!" என்று தலைமையாசிரியரே கண்டுபிடித்துவிட்டார். பட்டியலைச் சுருக்கியது கம்ப்யூட்டர். விடையை அறிந்தது அவர்தான்.

இருக்கும் இடமோ நீளமோ தெரியாவிட்டால் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்துங்கள். "எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம்" என்று அதற்குப் பொருள். ஏ, ஈ, ஐ, ஓ, யு ஆகிய ஐந்தையும் இதே வரிசையில் டைப் செய்து, முன்னும் பின்னும் இடையிலும் நட்சத்திரம் போட்டுப் பாருங்கள். எஃப்-ஏ-சி-ஈ-டி-ஐ-ஓ-யு-எஸ், அதாவது விளையாட்டாகப் பேசும் குணத்தைக் குறிக்கும் பெஸீஷியஸ் போன்ற சொற்கள் வந்து நிற்கும்.

ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கியூ கையில் இருந்து யு இல்லாமல் தவிக்கிறீர்களா? அதே கஸ்டம் பில்டரில் மேலே கன்டெய்ன்ஸ் கியூ, கீழே டஸ் நாட் கன்டெய்ன் யு என்று கொடுத்து, நடுவில் ஆண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நாம் பக்கீர் என்று சொல்லும் அரபுச் சொல் உட்பட சில சொற்கள் கிடைக்கும்.

மிக நீளமானது எது?

பி1 கட்டத்தில் "நீளம்" என்று தலைப்புக் கொடுங்கள். பி2 கட்டத்தில் சமன் குறி போட்டு, எல்-ஈ-என் என்று டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் ஏ2 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். சொல்லில் எத்தனை எழுத்து என்று எண் வரும். கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியை டபுள் கிளிக் செய்தால் எல்லாச் சொற்களுக்கும் எண் வந்துவிடும். பில்டரை ஒரு முறை எடுத்துவிட்டு மீண்டும் போட்டால் இந்தத் தலைப்புக்கும் அம்புக்குறி வரும். அதில் பெரியதிலிருந்து சிறியதற்கு அடுக்கச் சொல்லுங்கள். இனி எந்த எழுத்தைக் கேட்டாலும் நீளமான சொல்தான் முதலில் நிற்கும்.

கீபோர்டில் ஒரு வேடிக்கை

கியூ முதல் பி வரை கீபோர்டின் மேல் வரிசையில் உள்ள பத்து எழுத்துகளை மட்டும் கொண்ட நீளமான சொற்கள் எவை? இதற்கு பில்டர் போதாது. நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் பட்டியலைத் திறந்து, பைண்ட் விண்டோவில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேடும் கட்டத்தில் தொப்பிக் குறி, சதுர அடைப்புக்குள் அந்தப் பத்து எழுத்துகள், அடுத்து நெளிவு அடைப்புக்குள் 10 என்ற எண்ணும் ஒரு கமாவும், கடைசியில் டாலர் குறி; இடைவெளி விடாமல் டைப் செய்து, பைண்ட் ஆல் இன் கரன்ட் டாக்குமென்ட் பட்டனை அழுத்துங்கள். பர்பெச்சுவிட்டி, புரொப்ரைட்டர், நம் ரெப்பர்ட்வா, கூடவே டைப்ரைட்டரும் வந்து நிற்கும்!

பட்டியலில் பொருள் இருக்காது என்பதை மறக்காதீர்கள். அதற்கு அகராதிதான் துணை. ஆனால் இங்கே பழகிய பில்டர், நாளை முகவரிப் பட்டியலிலும் வீட்டுச் செலவுக் கணக்கிலும் அப்படியே கைகொடுக்கும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி. ஓ இரண்டு, கே இரண்டு, ஈ இரண்டு அடுத்தடுத்து வரும் சொல் எது? கணக்கு எழுதுபவருக்குத் தெரியும். தலைமையாசிரியர் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். நீங்கள்?