இரத்தினபுரி மண்ணிற் கூர்ப்பின் சுவடுகள்

உலகில் இன்று காணப்படும் உயிரினங்கள் தொடக்கந்தொட்டே இவ்வடிவில் இருந்தவை அல்ல. அவை நெடுங்காலப் போக்கில் முன்னோர் வடிவங்களினின்றும் சிறிது சிறிதாக மாறி வந்தவை. இம்மாற்றத்தையே ஈழத்தில் கூர்ப்பு என்றும், தமிழகத்திற் பரிணாமம் என்றும் வழங்குவர். 1858ஆம் ஆண்டிலே சாள்சு டார்வின், அல்பிரட் வல்லேசு ஆகிய இருவரின் கட்டுரைகளும் இலண்டனில் ஒருங்கே வாசிக்கப்பட்டன. மறு ஆண்டில் டார்வினின் ‘இனங்களின் தோற்றம்’ வெளிவந்தது. அந்நூலைக் கற்போர் பலர், அதற்குரிய சான்றுகள் கலாபகசு போன்ற தொலைதூரத் தீவுகளிலேதான் உள்ளன என்று எண்ணி அமைகின்றனர். சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே அத்தகைய சான்றுகள் மண்டிக் கிடக்கின்றன என்பதைச் சிலரே அறிவர்.

டார்வினது கொள்கையின் சாரம் எளிது. ஓர் இனத்தைச் சேர்ந்த உயிர்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. அவற்றின் வேறுபாடுகளிற் பல பரம்பரையாகத் தொடர்வன. பிறப்பவை அனைத்தும் வாழ்ந்து இனம்பெருக்குவதில்லை. எனவே, சூழலுக்கு ஏற்ற வேறுபாடு உடையவை மிகுதியாக எஞ்சுகின்றன. இதுவே இயற்கைத் தேர்வு. வேறுபாடு குன்றின் விளைவு யாதாகும் என்பதற்கு இலங்கைத் தோட்ட வரலாறே சான்று பகரும். மலைச்சரிவுகளை நிறைத்திருந்த கோப்பிச் செடிகள் பரம்பரை வேறுபாடு மிகக் குறைந்தவை. 1869இல் இங்குக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் பரவியபோது, அதனை எதிர்த்து நிற்கவல்ல செடிகள் அவற்றிடையே போதிய அளவில் இல்லை. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித்தொழில் வீழ்ந்தது; அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது.

இனி, மண்ணுக்கடியிலுள்ள சான்றுகளை நோக்குவோம். இரத்தினபுரிப் பள்ளத்தாக்கிலே மணிக்கல் தேடுவோர் ஆழக் குழி தோண்டி, ‘இல்லம்’ எனப்படும் பரற்படையை எடுத்துக் கூடையிலிட்டு நீரில் அரிப்பர். அப்பரலிடையே நீலக்கல்லும் புட்பராகமும் மட்டுமன்றி, பழைய விலங்குகளின் பற்களும் எலும்புகளும் வெளிவருவதுண்டு. தேசிய அருங்காட்சியகப் பணிப்பாளராக 1939 முதல் 1963 வரை விளங்கிய பி. இ. பி. தெரணியகல இவற்றை ஆராய்ந்து, 1958இல் ‘இலங்கையின் பிளைத்தோசீன் காலம்’ என்னும் நூலை வெளியிட்டார். நீர்யானை, காண்டாமிருகம் ஆகியன ஒருகாலத்தில் இத்தீவில் வாழ்ந்தன என்பதை அவ்வாராய்ச்சி நிறுவிற்று. குருவிட்டைப் பகுதியிற் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, மறைந்துபோன சிங்க வகையொன்றையும் அவர் 1939இல் விவரித்தார். இன்று இந்நாட்டிற் கொடியில் மட்டுமே காணத்தக்க விலங்கிற்கு அவ்விரு பற்களே சாட்சி.

இவ்விலங்குகள் கடலைக் கடந்தது எங்ஙனம் எனின், அவை நடந்தே வந்தன எனலாம். பனியூழிக் காலங்களிலே பெருமளவு நீர் பனிப்பாறைகளாக உறைந்தமையால் கடல்மட்டம் நூறு மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்தது. ஆழமற்ற பாக்குநீரிணை அப்போது தரையாகி, இந்தியாவையும் இலங்கையையும் இணைத்தது. பனி உருகியபின் கடல் மீண்டும் உயர்ந்து தீவைப் பிரித்தது. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆறுகள் பழைய படிவுகளை அரித்துப் புதியவற்றோடு கலப்பன. ஆதலால் ஒரே குழியிற் கிடைத்த எலும்புகள் யாவும் ஒரே காலத்தன என முடிவுகட்டல் பிழையாகும்.

மனிதனின் தொன்மைக்கும் இம்மாகாணம் சான்றளிக்கின்றது. குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென குகையில், 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட நுண்கற்கருவிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. மழைக்காட்டில் வாழும் திறனை மனிதன் அத்துணைப் பழங்காலத்திலேயே பெற்றிருந்தான் என்பது இதனாற் புலனாகும். சிரான் தெரணியகல 1992இல் வெளியிட்ட ‘இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய காலம்’ இதனை விரித்துரைக்கும்.

உயிரோடுள்ள சான்றும் உண்டு. சிவனொளிபாத மலைச்சரிவிலும் சிங்கராசக் காட்டிலும் வாழும் சிறு மரத்தவளைகள் பல, தம் முட்டைகளை நீரில் இடுவதில்லை. ஈரமண்ணிலோ இலையிலோ இடும். வாற்பேய்ப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிய, சிறு தவளையே வெளிவரும். ஒரே முன்னோர் வழியினின்றும் கிளைத்த இக்கூட்டத்தின் இனங்கள் பல, உலகில் வேறெங்கும் காணப்படாதவை. காடுகள் துண்டாடப்பட்டமையால் அவற்றுட் சில இனி மீளாதவாறு அழிந்தும் போயின.

நூல்களைக் கற்கும்போது அவற்றை ஆராய்ந்து கொள்ளுதலும் வேண்டும். கூர்ப்புக் கொள்கையைப் பரப்பிய செருமானிய அறிஞர் ஏர்ணஸ்டு எக்கல் 1882இல் இரத்தினபுரி வழியாகக் களுகங்கையிற் படகேறிச் சென்றவர். அவர்தம் நூல்கள் பல்லாயிரவரைக் கவர்ந்தன. எனினும், மனிதக் குழுக்களை அவர் உயர்வு தாழ்வாக அடுக்கியது பெரும்பிழை என்பதை இன்றைய மரபியல் காட்டியுள்ளது. சிவபுராணம் கூறும் பிறவி வரிசையையே கூர்ப்பு எனக் கொள்வாரும் நம்மிடை உளர். அது ஓர் ஆன்மா எடுக்கும் பிறவிகளைப் பற்றியது. கூர்ப்போ பல்லாயிரம் தலைமுறைகளில் இனங்கள் அடையும் உடல் மாற்றத்தைப் பற்றியது. இரண்டையும் குழப்பாதிருத்தலே இரண்டிற்கும் செய்யும் மதிப்பாகும்.

மணிக்கல்லுக்கு விலை உண்டு. பரலோடு வரும் பல்லுக்கு விலை பேசுவாரில்லை. ஆதலின், அது எறியப்படின் ஓர் ஏடு கிழிந்ததாகும். அத்தகைய பொருளொன்றைக் காணும் மாணவர், கிடைத்த குழி, ஆழம், மண்படை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்தாருக்கு அறிவித்தல் வேண்டும். இடமும் ஆழமும் அறியப்படாத எலும்பு வெறும் எலும்பே. அவை அறியப்பட்ட எலும்போ வரலாறு. தோட்டத்து லயங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் தாம் நாளும் நடந்துவரும் நிலத்தையும் ஒரு நூலாகக் கொள்வாராயின், அதன் எஞ்சிய ஏடுகளேனும் காக்கப்படும்.