கார் கீறும் பிள்ளையும் ஒரு கண்காட்சியும்



எங்கள் வீடுகளில் சில பிள்ளைகள் கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுக்கக் காராகவே கீறி வைத்திருப்பார்கள். "உதை விட்டுவிட்டுப் படி" என்று நாங்களும் ஏசியிருப்போம். ஆனால் அந்தக் கீறலையே பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் இடங்கள் பிரித்தானியாவில் உண்டு. கொவன்றிப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்று. இலண்டன் றோயல் கொலிஜ் ஒவ் ஆர்ட்டில் வாகன வடிவமைப்புக்கான மேற்படிப்பு 1960களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது.

இத்தகைய படிப்புகளின் இறுதியாண்டு மாணவர்கள் கோடை காலத்தில் தங்கள் வேலைகளைக் கண்காட்சியாக வைப்பார்கள். கார் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்கள் திறமையுள்ளவர்களைத் தேடி அங்கே வருவார்கள். பெற்றோரும் போய்ப் பார்க்கலாம்.

அங்கே என்ன இருக்கும்? சுவரில் முதற் கீறல் தொடக்கம் கடைசி வரைபடம் வரை ஒழுங்காக மாட்டியிருப்பார்கள். மேசையில் மாதிரி வாகனம் இருக்கும். பெரும்பாலும் அது உண்மை அளவில் நாலில் ஒரு பங்கு. நாலு மீற்றர்க் கார் என்றால் மாதிரி ஒரு மீற்றர். சில மாதிரிகள் களியால் செய்யப்பட்டவை. இது குயவர் களி அல்ல, மெழுகு கலந்தது. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். தகட்டால் சுரண்டலாம், பிழைத்தால் திரும்பவும் அப்பலாம். இப்போது கணினியும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் சேர்ந்துவிட்டன.

"இது ஓடுமோ?" என்று கேட்கத் தோன்றும். அநேகமாக ஓடாது. இயந்திரத்தை உருவாக்குவது பொறியியலாளர் வேலை. இந்த மாணவர் முதலில் ஆட்கள் எங்கே இருப்பார்கள், சில்லு எங்கே, பற்றரி எங்கே என்று தீர்மானிப்பார். அதன் பிறகுதான் மேற்கூடு. ஆகவே நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: "இது யாருக்கு? எந்த வீதிக்கு?" நல்ல மாணவரிடம் அதற்கு விடை இருக்கும்.

அந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒருவரைப் பாருங்கள். அலெக் இஸிகோனிஸ் 1906 இல் ஸ்மேர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில், பிறந்தவர். 1922 இல் போரினால் குடும்பத்தோடு மோல்ராவுக்குத் தப்பினார். அங்கே தகப்பன் இறந்துபோக, தாயும் மகனுமாக இங்கிலாந்து வந்தார்கள். இலண்டனில் படித்தபோது கணிதப் பரீட்சையில் மூன்று தடவை தவறினார். கீறுவதில் மட்டும் கெட்டிக்காரர்.

அவர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் வந்தது. 1990களில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களில் அதுவும் ஒன்று. 1956 சுயஸ் நெருக்கடியில் பிரித்தானியாவிலேயே பெற்றோல் தட்டுப்பட்டது. குறைந்த எரிபொருளில் ஓடும் சிறிய கார் தேவைப்பட்டது. அவர் இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். பத்தடிக் காரில் நாலுபேர் இருக்க இடம் கிடைத்தது. அதுதான் 1959 இல் வந்த மினி.

இதற்காக, கார் கீறும் பிள்ளை எல்லோரும் இஸிகோனிஸ் ஆகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. கார் நிறுவனங்களில் இந்த வேலைகள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் இதே பயிற்சியோடு புகையிரதம், சக்கர நாற்காலி, வீட்டுப் பொருட்கள் வடிவமைக்கவும் போகலாம். அனுமதிக்குப் பரீட்சைப் பெறுபேறு மட்டும் போதாது. பிள்ளை கீறியவற்றின் தொகுப்பையும் பார்ப்பார்கள். ஆகவே அந்தப் பழைய கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள்.

வருகிற கோடையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒருதரம் போய்ப் பாருங்கள். முடிவை அதற்குப் பிறகு இருவருமாகப் பேசி எடுக்கலாம்.