இமைக்கு அழகு, விழிக்குக் காவல்

உவரி புனித அந்தோணியார் திருத்தலத் திருவிழாவும், சுயம்புலிங்க சுவாமி கோயிலின் வைகாசி விசாகமும், திருமண நாள்களும் எங்கள் கடற்கரை ஊர்களுக்கு மகிழ்ச்சி தருகின்றன. அந்நாள்கள் முடிந்ததும், இமை சிவந்து வீங்கிய இளம்பெண்கள் சிலர் கண் சிகிச்சைப் பிரிவுக்கு வருகின்றனர். காரணம் பெரும்பாலும் செயற்கை இமைமுடியை ஒட்டிய பசையே.

அண்மையில் ஒரு தாய் வந்தார். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையால் அவருடைய இமைமுடி முழுவதும் உதிர்ந்திருந்தது. “மக கல்யாண போட்டோவுல நான் சீக்காளி மாதிரி தெரியக் கூடாது, டாக்டர். ஆனா ரொம்பச் செலவழிக்கவும் வழியில்ல” என்றார். அதை ஆடம்பரம் என்று எங்களால் ஒதுக்க இயலவில்லை. அவருக்குக் கூறியவற்றையே இங்கு எழுதுகிறோம்.

இமைமுடி தூசியையும் காற்றையும் தடுக்கும் வேலி. கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள முடியே விழியின் ஈரத்தை நன்கு காக்கிறது என்று அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தனர். அதைவிட நீண்ட முடி காற்றைக் கண்ணை நோக்கித் திருப்பிவிடும். கடற்காற்று ஓயாத உவரியில் குட்டையான, மெல்லிய பட்டையே ஏற்றது.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே பொருள் பசை. தயாரிப்பாளர் பெயர், உரிம எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்ட, இமைக்கென்றே செய்த பசையை மட்டும் வாங்குங்கள். உடைந்த பொருளை ஒட்டும் உடனடிப் பசையை ஒருபோதும் இமையருகே கொண்டுசெல்லாதீர்கள். புதுப் பசையில் ஒரு துளியை முன்கையின் உட்புறத்தில் தடவி, 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ தோன்றினால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒட்டும் முறை எளியது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பட்டையை இமையில் வைத்து அளந்து, மிகுதியை வெளி ஓரத்தில் நறுக்குங்கள். பசையை மெல்லிய கோடாகத் தடவி, அரை நிமிடம் உலரவிடுங்கள். முடி வேருக்குச் சற்று மேலே, தோலின்மீது ஒட்டுங்கள். இமையின் ஈர விளிம்பில் பசை படவே கூடாது.

உறங்கும் முன் கழற்றிவிடுங்கள். இழுத்துப் பிய்க்காமல், எண்ணெய் கலந்த ஒப்பனை நீக்கியைப் பஞ்சில் நனைத்து, மூடிய இமையில் சிறிது நேரம் வைத்தால் பசை இளகும். பட்டையைச் சுத்தம் செய்து உலர்த்திப் பெட்டியில் வைத்தால் மீண்டும் பயன்படுத்தலாம். செலவு குறையும் வழி இதுவே. அக்காள் தங்கையாயினும் ஒருவர் பட்டையை மற்றவர் அணியலாகாது. அலங்காரம் செய்பவரிடம் உங்கள் சொந்தப் பட்டையையும் பசையையும் கொடுங்கள்.

மெட்ராஸ் ஐ, கண் கட்டி, இமை அழற்சி உள்ளவர்கள் அணிய வேண்டாம். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவர் அனுமதிக்கும்வரை பொறுத்திருங்கள். புற்றுநோய் மருந்து பெறுவோருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் சிறு புண்ணும் பெரிதாகலாம். முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அவர் வேண்டாமென்றால், பிறர் தொடாத புதிய கண் பென்சிலால் இமைமீது மெல்லிய கோடு வரைந்தாலே முகம் பொலிவு பெறும். சிகிச்சை முடிந்த சில மாதங்களில் இமைமுடி பெரும்பாலும் மீண்டும் வளரும்.

பசை கண்ணில் பட்டால், தூய நீரால் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் வாருங்கள். இமைகள் ஒட்டிக்கொண்டால் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். வலி, சிவப்பு, மங்கல் தோன்றினால் மருந்துக்கடையில் தாமாகச் சொட்டுமருந்து வாங்க வேண்டாம். செலவுக்கு அஞ்சித் தாமதிக்கவும் வேண்டாம். பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு.

அந்தத் தாய்க்குப் புற்றுநோய் மருத்துவர் இசைவளித்தார். திருமணத்தன்று குட்டைப் பட்டை அணிந்து, படம் எடுத்து முடிந்ததும் கழற்றிவிட்டார். மறுபரிசோதனைக்கு வந்தபோது அவருடைய கண்கள் தெளிவாக இருந்தன. கைபேசியில் படத்தைக் காட்டினார். மணமகளின் அருகில் மணமகளின் தாயாகவே நின்றிருந்தார்.