உடலுக்குள் எரியும் தீ

நுழையும்முன்

ஒரே வீட்டில் ஒரே களியை உண்டு வளரும் உடன்பிறந்தாருள் ஒருவர் மெலிந்தும் மற்றொருவர் பருத்தும் இருப்பதுண்டு. ‘அவரவர் உடல்வாகு’ என்று கூறி அனைவரும் அதைக் கடந்துவிடுகின்றனர். உண்ட உணவை ஆற்றலாக்கும் வேகத்தை எவை முடிவுசெய்கின்றன? அவ்வேகம் இனத்தால் வருவதா? இவ்வினாக்களுக்கு விடைகூறிய ஆய்வொன்று, கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையை அடுத்துள்ள பெங்களூரில் வேர்கொண்டது.

உணவும் தீயும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மானாவாரி நிலங்களில் விளையும் கேழ்வரகு, களியாகி வயிற்றை அடைகிறது. அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோசாகச் சிதைந்து, உயிரணுக்களில் ஆக்சிசனுடன் வினைபுரிந்து ஆற்றலை வெளியிடுகிறது. இது சிதைமாற்றம். அவ்வாற்றலைக் கொண்டு தசையும் குருதியும் எலும்பும் உருவாவது வளர்மாற்றம். இவ்விரண்டும் இணைந்ததே வளர்சிதை மாற்றம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் பசியைத் தீ என்றே குறித்து, அதன் அளவறிந்து உண்ண வேண்டும் என்கிறார். பிரெஞ்சு அறிவியலாளர்கள் லவாய்சியரும் லாப்லாசும் 1780களில் கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, உருகிய நீரை அளந்தனர். மூச்சுவிடுதலும் ஒருவகை மெதுவான எரிதலே என்பது அதனால் புலப்பட்டது.

ஓய்விலும் ஓயாத செலவு

உண்டு பல மணிநேரம் கழிந்தபின், விழித்தபடி அசையாது படுத்திருக்கும் ஒருவர் செலவிடும் ஆற்றலின் அளவே அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம். கடின உடலுழைப்பு இல்லாதவர்களுக்கு ஒரு நாளைய மொத்தச் செலவில் பெரும்பங்கு இதுவே. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வுநிலை ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைப் பயன்படுத்துகிறது. ஓய்விலிருக்கும் ஒரு கிலோ தசை நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 கிலோகலோரியையும், ஒரு கிலோ கொழுப்புத் திசு ஏறத்தாழ 4.5 கிலோகலோரியையும் செலவிடுகின்றன. எனவே, பருத்த உடலின் தீ மந்தமானது என்னும் பொதுக்கருத்து பெரும்பாலும் பொருந்துவதில்லை. பெரிய உடலின் மொத்தச் செலவு பொதுவாக மிகுதியே.

எல்லைக்கு அப்பால் ஓர் ஆய்வு

இவ்வீதத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்பட்ட சமன்பாடுகள் பெரிதும் ஐரோப்பியரை அளந்து உருவானவை. அவை இந்தியர்க்கு உண்மையைவிட மிகுதியான மதிப்பைக் காட்டுவதைப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வாறாயின், இந்தியரின் தீயே இயல்பில் சிறியதோ என்ற ஐயம் எழுந்தது. மரியோ சோரஸ், பிரகாஷ் ஷெட்டி முதலியோர் இந்தியரையும் ஆஸ்திரேலியரையும் ஒப்பிட்டு, 1998ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். உடலின் அளவையும், கொழுப்பு நீங்கிய திசுக்களின் அளவையும் கணக்கிட்டபின் இனவேறுபாடு காணப்படவில்லை. வேகத்தை முதன்மையாக முடிவுசெய்வது குலமோ நிறமோ அன்று. உடலின் கட்டமைப்பே என்பது தெளிவாயிற்று.

வேகத்தை மாற்றுவன

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி இத்தீயின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. அதன் ஹார்மோனுக்கு அயோடின் இன்றியமையாதது. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் மருத்துவர் இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பால் கழுத்துக்கழலை குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

காய்ச்சலில் உடல்வெப்பம் உயரும்போது வேகமும் கூடுகிறது. அகவையும் ஒரு காரணம். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வின்படி, உடல் அளவைக் கருத்திற்கொண்டால், 20 முதல் 60 அகவை வரை இவ்வேகம் பெரிதும் மாறுவதில்லை.

ஓசூர், கைக்கடிகாரத் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற ஊர். மனித உடலுக்குள்ளும் பகலிரவை அறியும் ஒரு கடிகாரம் உண்டு. இரவுப்பணியால் உறக்கமும் உணவும் காலம் மாறும்போது இக்கடிகாரம் தடுமாறுகிறது. அமெரிக்காவில் இரவுப்பணியை ஒத்த சூழலை அமைத்து 2014இல் வெளியான சிறு ஆய்வொன்றில், இரண்டாம், மூன்றாம் இரவுப்பணி நாள்களில் ஆற்றல் செலவு ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்தது. செலவு குறைய, உணவு குறையாதிருப்பின் எடை கூடும். தொழிற்சாலைகள் நிறைந்த நகரங்களுக்கு இச்செய்தி முதன்மையானது.

தெரிந்து தெளிவோம்

காரணமற்ற சோர்வு, எடை கூடுதல், குளிரைத் தாங்க இயலாமை ஆகியவை தைராய்டு குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். குருதிச் சோதனையால் இதனைக் கண்டறியலாம், மருந்தால் சீராக்கலாம்.

அறிவே மருந்து

‘விரைவில் மெலியலாம்’ என்னும் விளம்பரங்கள் இளையோரைக் குறிவைக்கின்றன. உணவைத் தவிர்த்து மெலிய முயல்வோர் கொழுப்புடன் தசையையும் இழக்கின்றனர். பற்றாக்குறையை உணர்ந்த உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. மருத்துவர் அறிவுரையின்றித் தைராக்சின் மாத்திரையை உட்கொண்டால் இதயத்துடிப்பு சீர்குலையும், எலும்பு வலுவிழக்கும். எலும்பும் தசையும் உருப்பெறும் பதின்பருவத்தில் இவ்விழப்பு பெரிது.

போதிய புரதமுள்ள உணவு, தசைக்கு வேலை தரும் விளையாட்டு, இரவு உறக்கம் ஆகியவை இத்தீயைச் சீராக எரியச் செய்வன. உடல்வாகு பழிப்பதற்குரிய குறையன்று. சோம்பல் என்று பிறர் இகழும் சோர்வு, சில வேளைகளில் மருத்துவம் தேடும் நோயாகவும் இருக்கக்கூடும். அதனை அறிந்தவர் எவர் உடலையும் எள்ளி நகையாடார்.