மட்டை சொன்ன பாடம்

கோடை வந்து காவேரியில் தண்ணீர் வற்றிவிட்டால், ஸ்ரீரங்கத்துச் சிறுவர்களுக்கு மணல்வெளியெல்லாம் ஆட்டக்களம். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் கிரிக்கெட் ஆட்டத்துக்குத் தென்னை மட்டைதான் ஆயுதம். தோப்பில் விழுந்து கிடப்பதில் ஒன்றைப் பொறுக்கி, அகன்ற அடிப்பாகத்தைச் சீவிவிட்டு, ஒடுங்கிய பக்கத்தைக் கைப்பிடியாக்கிக் கொண்டால் வேலை முடிந்தது. தென்னைக்கும் கிரிக்கெட்டுக்கும் 'மட்டை' என்ற ஒரே சொல் தமிழில் வழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும்.

ஆனால், கடையில் வாங்கும் மட்டை வேறு ஜாதி என்பதைப் பட்டம் பெற்று, இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு பையன் கண்ணீர் விட்ட பிறகு!

அந்தப் பையன் என் வகுப்பு மாணவன். தகப்பனார் பூக்கட்டி விற்பவர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைத்தெருவில் மகனுக்கு ஒரு காஷ்மீர் மட்டை வாங்கிக் கொடுத்தார். பையன் அதை என்னிடம் கொண்டு வந்து, "ஸார், இதில் உடனே ஆடலாமா?" என்று கேட்டான். "தாராளமாக ஆடு!" என்று சொல்லித் தோல் பந்தையும் எடுத்துக் கொடுத்தேன். அன்று மாலையே மட்டையின் ஓரத்தில் விரிசல் கண்டுவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நான் தீர்மானித்துவிட்டேன். என் கட்சிக்குச் சாட்சி தேடி, பிள்ளைகளின் மட்டைகளைச் செப்பனிட்டுப் பழகிய எங்கள் தெருத் தச்சரிடம் போனேன்.

அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார். "மரத்தின் பேரில் குற்றமில்லை, ஸார். பழக்காத காளையை வண்டியில் பூட்டியது யார்?" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

அப்புறம் அவர் சொன்னதும், நானாகத் தேடிப் படித்ததும் இவை.

கிரிக்கெட் மட்டைக்கு உகந்தது வில்லோ என்னும் மரம். குளிர்ந்த நாடுகளில், நீர் ஓடும் இடங்களில் செழித்து வளர்வது. கனம் குறைவு, ஆனால் அடி தாங்கும். மரத்தைத் துண்டு போட்டு, ரேகை போகும் வழியே பிளந்து, வெட்டுமுகங்களில் மெழுகு பூசி அடுக்கி, மாதக்கணக்கில் காற்றில் உலர விடுகிறார்கள். மெழுகு பூசாவிட்டால் முனை சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். உலர்ந்த பலகையின் முகத்தை யந்திரத்தில் கொடுத்து அழுத்துவார்கள். உள்ளே பஞ்சு போலிருக்கும் நார்கள் நெருங்கி இறுகினால்தான் பந்தைத் தாங்கும் வலிமை வரும்.

கைப்பிடியோ வில்லோ அன்று. வெப்பக் காடுகளில் வளரும் பிரம்பு. பிரம்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பர் வைத்து ஒட்டி, ஆப்பு வடிவமாகச் சீவிப் பலகைக்குள் செருகுகிறார்கள். பந்து மோதும் அதிர்ச்சியைப் பிரம்பு வாங்கிக்கொள்வதால் கை பிழைக்கிறது. குளிர்தேசத்து மரமும் வெப்பதேசத்துப் பிரம்பும் செய்துகொண்ட விவாகம் என்றே இதைச் சொல்லலாம்!

இத்தனை செய்தும் மட்டை முழுவதும் தயாராகிவிடுவதில்லை. வாங்கியவர் அதற்கு ஆளிவிதை எண்ணெய் தடவி ஊற விட்டு, மரச்சுத்தியால் முகத்தையும் ஓரங்களையும் மணிக்கணக்கில் மெதுவாகத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

மட்டைக்குச் சட்டமும் உண்டு. 1771-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒருவர் ஸ்டம்புகளை முழுவதும் மறைக்கும் அகலத்தில் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட வந்துவிட்டார்! அதன் பிறகு அகலம் 4¼ அங்குலத்துக்கு மேற்படக் கூடாது என்று விதித்தார்கள். இன்றும் அதுவே விதி. 1979-இல் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் களத்தில் இறங்கவே, பெரிய ரகளையாகி, அடிக்கும் பாகம் மரமாகவே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

நம் தேசத்தில் காஷ்மீரத்து அனந்தநாக் ஜில்லாவில், பிஜ்பிஹாரா, சங்கம் முதலிய ஊர்களில் சாலையோரமெங்கும் வில்லோப் பலகைகள் கோபுரம் கோபுரமாக அடுக்கிக் காயும். 1947-இல் தேசப் பிரிவினையின்போது சியால்கோட்டை விட்டு வந்த தொழிலாளர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் இத்தொழிலை மறுபடியும் நிலைநாட்டினார்கள். வீடு வாசலை இழந்தவர்களிடம் கைத்திறன் ஒன்றே மிச்சமிருந்தது. காஷ்மீர் மட்டை சற்றுக் கனமானது. இங்கிலாந்து மட்டைக்கு ஈடாகாது என்று வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2021-ஆம் வருஷத்து இருபது ஓவர் உலகக் கோப்பையில் ஓமன் நாட்டு வீரர்கள் அதையே ஏந்தி ஆடினார்கள்.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு கவலையும் கலந்திருக்கிறது. ஒரு வில்லோ மட்டைக்குத் தகுதியாகப் பருக்கச் சுமார் 15 வருஷம் செல்லும். அதைவிடச் சீக்கிரம் பணம் தரும் பாப்ளர் மரத்தைக் காஷ்மீரத்துக் குடியானவர்கள் நட்டு வருகிறார்கள். வெட்டுவது மிகுந்து, நடுவது குறைந்துவிட்டது. அமெரிக்காவில் ஆடும் பேஸ்பால் ஆட்டத்துக்கும் இப்படி ஒரு சோதனை நேர்ந்தது. அந்த மட்டை உலக்கை போல் உருண்டையாக, ஒரே கட்டையில் கடைசல் பிடித்துச் செய்வது. ஆஷ் மரம் அதற்குப் பேர்போனது. 2002-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்துவிட்டது. மேபிள் என்னும் வேறு மரம் இருந்ததால் அவர்கள் சமாளித்தார்கள். நம் காஷ்மீரத்துத் தொழிலாளிக்கு வில்லோவை விட்டால் வேறு எது?

எங்கள் தச்சர் விரிசலில் பசை ஊற்றி, நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. பையன் மூன்று வாரம் தினமும் எண்ணெய் தடவித் தட்டினான். கொட்டாப்புளி அவரிடம் இரவல் வாங்கியது. தட்டும் ஓசையைத் திண்ணையில் உட்கார்ந்து நானும் கேட்டேன். முதலில் 'டொக், டொக்' என்று மொத்தையாக ஒலித்தது, நாளாக ஆக 'டண், டண்' என்று கணீரென்று மாறியது. சென்ற ஞாயிற்றுக்கிழமை காவேரி மணலில் அதே மட்டையால் அவன் நாற்பது ஓட்டம் எடுத்தான். பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் தகப்பனார் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டை வாங்கினால், கூடவே கொஞ்சம் எண்ணெயும் ஒரு மரச்சுத்தியும் வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பின்னால் பதினைந்து வருஷம் நின்று வளர்ந்த மரமும், அதை இழைத்துக் கொடுத்த கைகளும் இருக்கின்றன என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.